வெள்ளைப் போத்தலும் சிவப்புப் போத்தலும்: பனிக்குள்ள டீசல் ட்ரக் ஓடுற ஆக்களுக்கு

நேரா விசயத்துக்கு வாறன். குளிருக்கு டீசல் டாங்கிக்குள்ள ஊத்துற, பவர் சேர்விஸ் கொம்பனியின்ர ரெண்டு மருந்தைப் பற்றித்தான் எழுதப்போறன், ஒண்டு டீசல் உறைய முன்னம் ஊத்துற, வெள்ளைப் போத்தலில வாற டீசல் ஃபியுவல் சப்ளிமென்ட், மற்றது உறைஞ்ச பிறகு ஊத்துற, சிவப்புப் போத்தலில வாற டீசல் 911. ஒன்ராறியோவில ட்ரக் ஓடுற எங்கட ஆக்கள் கன பேர் ரெண்டையும் ஒரே சாமான் எண்டு நினைச்சு, வெள்ளை ஊத்தவேண்டிய நேரத்தில சிவப்பையும் சிவப்பு ஊத்தவேண்டிய நேரத்தில வெள்ளையையும் ஊத்திப்போட்டு, பிறகு "உது சரிவராத சாமான்" எண்டு சொல்லுறதை யார்டில நெடுகக் கேக்கிறன். சாமான் நல்ல சாமான். எப்ப எதை ஊத்துறது எண்டதிலதான் முழு விசயமும் கிடக்கு, அதோட ட்ரக் நிண்டதுக்குக் காரணம் உண்மையிலயே டீசல் உறைஞ்சதுதானோ எண்டதையும் முதல்ல பாக்கவேணும், ஏனெண்டா கன நேரம் காரணம் அது இல்லை.

மார்க் கேட்டா வெள்ளைக்கு அஞ்சுக்கு நாலரை, சிவப்புக்கு நாலு. ஏன் எண்டு கீழ சொல்லுறன்.

கொம்பனி டெக்சாஸ் வெதர்ஃபோர்ட்டில இருக்கு, 1956ல துவங்கினது. சாம்பல் நிறப் போத்தல் ஒண்டும் விக்கினம், டீசல் கிளீன் எண்டு, அது சமருக்கு. கடையில பக்கத்தில பக்கத்தில அடுக்கி வைச்சிருப்பாங்கள், அவசரத்தில சாம்பலைத் தூக்கிக்கொண்டு வந்திடாதேங்கோ, அதுக்குள்ள உறையாமத் தடுக்கிற மருந்து இல்லை. கமின்ஸ் கொம்பனி தங்கட என்ஜினுகளுக்குச் சிபாரிசு செய்யிற அடிட்டிவ் வெள்ளையும் சாம்பலும், ஆனபடியா வாறண்டி போயிடுமோ எண்டு பயப்பிடுற ஆக்கள் கமின்ஸ் வைச்சிருந்தா நிம்மதியா ஊத்தலாம், டெட்ராய்ட், வொல்வோ வைச்சிருக்கிற ஆக்கள் உங்கட மனுவலை ஒருக்கா பாருங்கோ.

இனி டீசலுக்கு என்ன நடக்குது எண்டதைக் கொஞ்சம் சொல்லவேணும், இது விளங்கினா மிச்சம் எல்லாம் தானா விளங்கும். டீசலுக்குள்ள இயற்கையாவே பரஃபின் மெழுகு இருக்கு, அது இருக்கிறபடியாத்தான் டீசல் நல்லா எரியிறது, அதை முழுக்க எடுத்துப்போட ஏலாது. குளிர் கூடக் கூட அந்த மெழுகு சின்னச் சின்னத் துகளா வெளியில வரத் துவங்கும், ஊரில மார்கழி விடியக்காலமையில தேங்காயெண்ணெய்ப் போத்தல் கலங்கி அடியில வெள்ளையாப் பிடிச்சிருக்குமே, அதேதான். கலங்கத் துவங்கிற குளிருக்கு கிளவுட் பொயின்ட் எண்டு பேர். அதுக்கும் கீழ போனா துகள் எல்லாம் ஒண்டோட ஒண்டு சேந்து ஃபில்டரை அடைக்கும், இன்னும் கீழ போனா டீசல் டாங்கிக்குள்ளயே அசையாமக் கிடக்கும். ஒண்டும் கலக்காத சாதாரண நம்பர் 2 டீசல் மைனஸ் 10 வர முன்னமே கலங்கிறது உண்டு, நம்பர் 1 டீசல் மைனஸ் 40 மட்டும் தாங்கும், ஆனா விலையும் கூட, மைலேஜும் குறையும்.

டீசல் ரெண்டு ஃபில்டரால போகும், டாங்கிப் பக்கம் முதல் வாறது பிரைமரி, அதுக்குப் பிறகு என்ஜின் பக்கம் வாறது செக்கண்டரி. இப்பத்தை என்ஜினுகளில செக்கண்டரி ஃபில்டர் சரியான நுணுக்கம், சில மைக்ரோன்தான். பழைய என்ஜின் எண்டா கொஞ்ச மெழுகோட இழுத்துக்கொண்டு ஓடியிருக்கும், இப்பத்தைக் கொமன் ரெயில் என்ஜின், அதாவது சரியான கூடின பிரஷரில டீசல் அடிக்கிற என்ஜின், அப்பிடி ஓடாது, ஃபில்டர் கொஞ்சம் மூடுப்பட்ட உடன பிரஷர் விழுந்திடும், கொம்பியூட்டர் பவரைக் குறைச்சிடும். "இருவது வருசம் ஓடுறன் ஒரு போத்தலும் ஊத்தினதில்லை" எண்டு சொல்லுற பெரியாக்களின்ர கதையை நான் பொய் எண்டு சொல்லேல்லை, அவை ஓடின என்ஜின் வேற.

கனடாவில பம்புக்கு வாற டீசலை அந்தந்த இடத்துக் குளிருக்கு ஏத்த மாதிரித்தான் கலந்து அனுப்பினம். சிஜிஎஸ்பி எண்ட கனடா அரசாங்கத் தர அமைப்பு போட்ட தரம் எண்டு ஒண்டு இருக்கு, அதில மாசத்தை ரெண்டாப் பிரிச்சு, ஒவ்வொரு அரை மாசத்துக்கும் அந்தப் பகுதியில பழைய வருசங்களில எவ்வளவு குளிர் அடிச்சது எண்ட கணக்கை வைச்சு டீசல் எவ்வளவு தாங்கவேணும் எண்டு போட்டிருக்கு. ஜனவரி கடைசியில வடக்க ஹேர்ஸ்டில அடிக்கிற டீசலும் தெற்க வின்சரில அடிக்கிற டீசலும் ஒண்டில்லை. அப்ப, ஹைவே 11 வழிய ஓடுற ஆள் அங்கங்க வடக்கிலயே டீசல் அடிச்சுக்கொண்டு போனா ஏன் உறையவேணும் எண்டு கேப்பியள். அப்பிடி அடிச்சா அனேகமா உறையாது. பிரச்சினை எங்க வருது எண்டா, டீசல் அமெரிக்காவில மலிவு. ஃபுளோரிடாவில தோடம்பழம் ஏத்திக்கொண்டு ஐ-75ல வாற ட்ரக், ஜோர்ஜியாவில ரெண்டு டாங்கியையும் நிரப்பினா அந்த டீசல் ரொறன்ரோ தாண்டி சட்பெரி மட்டும் வரும். ஜோர்ஜியாவில அண்டைக்கு பிளஸ் 15, அங்க விக்கிற டீசலுக்கு வடக்குக் குளிர் ஒண்டும் தெரியாது. ரொறன்ரோ டெர்மினலில இறக்கிப்போட்டு உடன தண்டர் பேக்கு லோட் கிடைச்சு, டாங்கியில இன்னும் அரைவாசி கிடக்கே எண்டு வெளிக்கிட்டா, பரி சவுண்டுக்கு மேல இரவு மைனஸ் 28. இப்பிடித்தான் கன ட்ரக் நிக்கிறது. டிஸ்பாட்ச் இருக்கிற தம்பிமாரும் இதை யோசிக்கவேணும், தெற்கால வந்த ட்ரக்கை அப்பிடியே வடக்க திருப்பேக்க டாங்கியில என்ன டீசல் கிடக்கு எண்டு ஒரு வார்த்தை கேளுங்கோ.

இன்னொண்டு, தாவர எண்ணெய், கொழுப்பில இருந்து செய்யிற பயோடீசல். இல்லினாய் மாநிலத்தில வரிச்சலுகை இருக்கிறபடியா ட்ரக் ஸ்டொப்புகளில பயோ கூடக் கலந்துதான் விக்கினம். பயோ கூடினா டீசல் இன்னும் வேளைக்குக் கலங்கும். பம்பில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை வாசியுங்கோ, மினசோட்டாவில கூட சமரில பி20 (இருவது வீதம் பயோ) எண்டும் வின்டருக்கு பி5 (அஞ்சு வீதம்) எண்டும் சட்டத்திலயே பிரிச்சு வைச்சிருக்கினம், சும்மா இல்லை.

வெள்ளைப் போத்தல் என்ன செய்யுது எண்டு நான் கண்ணால பாக்கவேணும் எண்டு ஆசைப்பட்டு, தெற்கால வந்த டீசல் கொஞ்சத்தை டாங்கியில இருந்து எடுத்து, கழுவிக் காயவைச்ச ரெண்டு ஊறுகாய்ப் போத்தலில ஊத்தி, ஒண்டுக்குள்ள மட்டும் கணக்குப்படி வெள்ளை மருந்து சேத்து, ஸ்காபுறோவில எங்கட பல்கனியில இரவு முழுக்க வைச்சனான், நல்ல குளிர் இரவு, மைனஸ் 20க்குக் கிட்ட. விடிய எடுத்துப் பாத்தா ரெண்டும் கலங்கித்தான் கிடந்தது. இதைத்தான் வடிவாக் கவனியுங்கோ. மருந்து போட்ட போத்தலும் கலங்கினது. ஆனா சரிச்சுப் பாக்க, மருந்து போட்டது தண்ணி மாதிரி ஓடினது, துகள் எல்லாம் மா மாதிரி நுணுக்கமா மிதந்தது. மருந்து போடாததில அடியில அரை இஞ்சிக்கு வெள்ளையாத் தட்டையா இறுகிப்போய், சரிச்சாலும் அந்தத் தட்டு அசையேல்லை, மேல மட்டும் டீசல் மெல்ல வழிஞ்சது. கோப்பி வடிக்கிற பேப்பர் ஒண்டை வைச்சு ரெண்டையும் வெளியிலயே ஊத்திப் பாத்தன், மருந்து போட்டது சொட்டுச் சொட்டா இறங்கி முடிஞ்சுது, மற்றது பேப்பரில பசை மாதிரிப் படிஞ்சு அப்பிடியே நிண்டிட்டுது.

ஆக, வெள்ளைப் போத்தல் மெழுகை இல்லாமல் பண்ணாது, மெழுகு வெளியில வாறதைப் பிந்தவும் வைக்காது. மெழுகுத் துகள் ஒண்டோட ஒண்டு சேந்து பெருக்காமப் பாக்கும், அதுதான் அதின்ர வேலை. துகள் சின்னனா இருந்தா ஃபில்டருக்குள்ளால போயிடும். ஏற்கனவே பெருத்து இறுகிக் கிடக்கிற மெழுகை உடைக்கிற சக்தி அதுக்கு இல்லை, ஆனபடியாத்தான் டீசல் கலங்க முன்னம், இன்னும் சூடு இருக்கேக்கையே ஊத்தவேணும் எண்டு போத்தலிலயே போட்டிருக்கு, கிளவுட் பொயின்டுக்கு மேல ஒரு பத்து ஃபரனைட், எங்கட கணக்குக்கு அஞ்சாறு டிகிரி, மேல இருக்கேக்க. ஆகக்கூட நாப்பது ஃபரனைட் மட்டும் ஃபில்டர் அடைக்கிற டெம்பரேச்சரைக் கீழ இறக்கலாம் எண்டு அவை சொல்லுகினம், ஆனா அது டீசலைப் பொறுத்தது, எல்லா டீசலுக்கும் அவ்வளவு இறங்கும் எண்டு நம்பி ஓடாதேங்கோ.

அளவு எப்பிடியெண்டா, 32 அவுன்ஸ் சின்னப் போத்தல் 100 அமெரிக்கன் கலனுக்குக் காணும், 80 அவுன்ஸ் பெரிசு 250 கலனுக்கு, அதாவது கிட்டத்தட்ட 946 லீற்றருக்கு. டாங்கியில மருந்தை முதல் ஊத்தி, அதுக்கு மேல டீசல் அடிச்சாத்தான் வடிவாக் கலக்கும், டீசல் அடிச்சு முடிச்சு மேல ஊத்தினா அப்பிடியே ஒரு பக்கத்தில கிடக்கும். ரெண்டு டாங்கி இருக்கிற ட்ரக்குக்கு ரெண்டிலயும் ஊத்துங்கோ, ஒண்டில ஊத்தினா மற்றதுக்குப் போகும் எண்டு நினைக்காதேங்கோ. தெற்கால டீசல் ஏத்தினா கென்டக்கி, ஒஹாயோ தாண்ட முன்னமே ஊத்துறது என்ர வழமை, அப்ப டீசல் இன்னும் சூடாத்தான் இருக்கும். வடக்க வந்தாப் பிறகு டாங்கி அரைவாசிக்குக் கீழ போக விடாம வடக்கத்தை டீசலால நிரப்பிக்கொண்டே போங்கோ, டாங்கி வெறுமையா இருந்தா உள்ளுக்க காத்து வேர்த்துத் தண்ணி கட்டும், அந்தத் தண்ணிதான் அடுத்த தலையிடி.

அந்தத் தலையிடிக்குத்தான் சிவப்புப் போத்தல் எண்டு நான் சொல்லுவன். கன பேர் "ஜெல் ஆகிட்டுது" எண்டு சொல்லுறது உண்மையில ஐஸ். டீசலுக்குள்ள கொஞ்சத் தண்ணி எப்பவும் இருக்கும், அது கனம் எண்டபடியா டாங்கிக்கு அடியிலயும், டீசலில இருந்து தண்ணியைப் பிரிக்கிற வாட்டர் செப்பரேட்டருக்கு அடியிலயும் போய்க் கிடக்கும், பூச்சியத்துக்குக் கீழ போன உடன உறையும், மெழுகு வாற குளிருக்குப் பல டிகிரி முன்னமே உறையும். மைனஸ் 6, மைனஸ் 7ல ட்ரக் இழுக்கேல்லை எண்டா, டாங்கியில கிடக்கிறது ஒன்ராறியோ வின்டர் டீசல் எண்டா, அது மெழுகா இருக்க வாய்ப்பு சரியாக் குறைவு, முதல்ல தண்ணியைத்தான் பாக்கவேணும். பழைய ட்ரக்குகளில ரெண்டு டாங்கியையும் இணைக்கிற குறொஸ் ஓவர் லைன் கீழால தொங்கும், அதுக்குள்ள தண்ணி உறைஞ்சா ஒரு டாங்கி வெறுமையாகி என்ஜின் நிக்கும், மற்ற டாங்கி நிறைய டீசல் கிடக்கும்.

எங்கட யார்டில ஓடுற தம்பி ஒராள் ஹேர்ஸ்டுக்கும் லோங்லாக்குக்கும் இடையில நிண்டிட்டு எனக்கு எடுத்தவர். அந்த றோட்டு தெரிஞ்ச ஆக்களுக்குத் தெரியும், இருநூறு கிலோமீற்றருக்கு ஒரு கடை கண்ணி இல்லை.

"அண்ணை, ட்ரக் இழுக்குதில்லை, நாப்பதுக்கு மேல போகுதில்லை, வெள்ளை மருந்து ஒரு போத்தல் முழுக்க ஊத்திட்டன், ஒரு மாற்றமும் இல்லை."

"வெளிக்கிடேக்க எப்பிடி இருந்தது தம்பி, ஸ்டார்ட் ஆகக் கஷ்டப்பட்டதோ?"

"இல்லை அண்ணை, உடன பிடிச்சது, அரை மணித்தியாலம் நல்லா வந்தது."

"சரி, இறங்கி செப்பரேட்டரின்ர அடிக் குழாயைத் திறந்து பாருங்கோ, என்ன வருது?"

"ஒண்டும் வருதில்லை அண்ணை. ஒரு சொட்டும் இல்லை."

அந்த ஒரு பதில் காணும். குழாயைத் திறந்தா மஞ்சளா, கலங்கலா, கூழ் மாதிரி மெல்ல வந்தா மெழுகு. ஒண்டுமே வராட்டி அடியில தண்ணி உறைஞ்சு கல்லாக் கிடக்கு. வெள்ளைப் போத்தலை எத்தினை ஊத்தினாலும் ஐஸ் உருகாது, அவர் நேரத்தையும் காசையும் விட்டதுதான் மிச்சம். அதிஷ்டத்துக்கு அவர் கபினுக்குள்ள சிவப்பு ஒண்டு வைச்சிருந்தவர், அதை டாங்கியில ஊத்தி, பிரைமரி ஃபில்டரைக் கழட்டிப் புதுசு போட்டு, அதுக்குள்ள சிவப்பும் டீசலும் அரைக்கு அரை கலந்து நிரப்பி, கொஞ்ச நேரம் பொறுத்து ஸ்டார்ட் பண்ணி, ஐடிலில விட்டு, பிரஷர் ஏறினாப் பிறகு மெல்ல வெளிக்கிட்டு லோங்லாக் போய்ச் சேந்தவர். இதுக்கு முன்னம் அவர் கூப்பிட்ட றோட் சேர்விஸ்காரர் ஒருத்தர் பழைய ஃபில்டரைத் தொட்டும் பாக்காம "டோ பண்ணத்தான் வேணும்" எண்டு சொல்லி ஆயிரக்கணக்கில ஒரு விலை சொன்னவராம். இந்தக் குளிருக்க தனிய நிக்கிற பிள்ளையளிட்ட அப்பிடிக் கேக்கிறது எனக்கு மனசுக்கு ஏலாமக் கிடந்தது.

சிவப்புக்கு ஏன் வெள்ளையை விட அரை மார்க் குறைச்சன் எண்டா, அது வேலை செய்யும், ஆனா கடையில வாங்கேக்க ஆக்களுக்கு விளங்கிற மாதிரி இல்லை. இது வெள்ளையை விடப் "ஸ்ட்ரோங்" எண்டு நினைச்சு வின்டர் முழுக்க ஒவ்வொரு டாங்கிக்கும் சிவப்பை ஊத்துற ஆக்கள் இருக்கினம், அது தேவையில்லாத செலவு, அதே அளவு டீசலுக்கு சிவப்பு வெள்ளையை விட ரெண்டு மடங்குக்கு மேல வேணும். மெழுகை உருக்கி, ஐஸைக் கரைச்சு, உங்களை அடுத்த ட்ரக் ஸ்டொப்புக்குக் கொண்டுபோய் விடுறது சிவப்பு. அங்க போன உடன வடக்கத்தை டீசல் அடிச்சு வெள்ளை ஊத்துங்கோ. சிவப்பில அல்ககோல் இல்லை எண்டதும் ஒரு நல்ல விசயம். ஐஸ் உருக்க எண்டு அல்ககோல் மருந்து விக்கிறாங்கள், பெற்றோல் காருக்கு ஊத்துறது, அதை டீசலுக்குள்ள ஊத்தினா இன்ஜெக்டருக்கும் பம்புக்கும் வழுவழுப்புக் குறைஞ்சு தேய்ஞ்சுபோகும்.

புது ஃபில்டர் போடேக்க ஒரு கவனம். கொமன் ரெயில் என்ஜினில செக்கண்டரி ஃபில்டரைக் கையால நிரப்பிப் பூட்டக்கூடாது எண்டு கன மனுவலில இருக்கு, வடிகட்டாத டீசல் நேரா இன்ஜெக்டருக்குப் போயிடும். பிரைமரியை மட்டும், அதுவும் வெளி ஓட்டையளால ஊத்தி நிரப்பி, மிச்சத்தைக் கைப்பம்பால பிரைம் பண்ணுங்கோ, அதாவது காத்தை வெளியேத்தி டீசலை இழுத்து நிரப்புங்கோ. பிரைம் பண்ணாம ஸ்டார்ட்டரை அடிச்சுக்கொண்டே நிண்டா அந்தக் குளிருக்க பற்றரியும் போயிடும்.

மெழுகும் இல்லை ஐஸும் இல்லை எண்டா என்னத்தைப் பாக்கிறது? டாங்கி மூடியைத் திறவுங்கோ. "உஸ்" எண்டு காத்து உள்ளுக்க இழுக்கிற சத்தம் பெரிசாக் கேட்டா, டாங்கிக்குள்ள காத்து போற வென்ட் ஸ்நோவாலயோ ஐஸாலயோ அடைபட்டுக் கிடக்கு, டீசல் போகப் போக உள்ளுக்க வெற்றிடம் வந்து பம்பால இழுக்க ஏலாமக் கிடக்கு, வென்டைத் துப்பரவாக்கினா சரி, அஞ்சு சதம் செலவில்லை. அதுவும் இல்லையெண்டா காத்து லீக். ரப்பர் ஓ-ரிங் எல்லாம் குளிருக்கு இறுகிச் சுருங்கும், பம்புக்கு முன்னால இருக்கிற லைன் எண்டா டீசல் வெளியில வழியாது, காத்து உள்ளுக்க போகும், ஆனபடியா கீழ ஒரு துளியும் காணமாட்டியள். விடியக்காலமை கன நேரம் அடிச்சு ஸ்டார்ட் ஆகி, பிறகு சூடானா சரியா ஓடுற ட்ரக்குக்கு முதல்ல இதைத்தான் நான் சந்தேகப்படுவன். டாவ்கோ ஃபில்டர் பூட்டின ட்ரக் எண்டா மேல கண்ணாடி மூடியால தெரியும், குமிழி குமிழியா வந்தா காத்து. அதே மூடிக்குள்ள டீசல் மட்டம் மேல மேல ஏறி வந்தா ஃபில்டர் அடைச்சுக்கொண்டு வருது. நான் ஸ்டொப் பண்ணுற இடமெல்லாம் ஒருக்கா டோர்ச் அடிச்சு அந்த மட்டத்தைப் பாப்பன், இதைவிட வேளைக்குச் சொல்லுற மீற்றர் ட்ரக்கில வேற இல்லை.

ஸ்லீப்பரில, நாங்கள் படுக்கிற இடத்தைச் சூடாக்கிற பங்க் ஹீற்றரையும் கவனியுங்கோ. வெபாஸ்டோ, எஸ்பார் எல்லாம் அதே டாங்கியில இருந்துதான் டீசல் இழுக்குது, அந்தக் குழாய் சரியான ஒடுக்கம். இரவு ஹீற்றர் காரணமில்லாம நிண்டா "ஹீற்றர் பழுது" எண்டு போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுக்காதேங்கோ, டீசல் கலங்கத் துவங்கிட்டுதோ எண்டு பாருங்கோ. என்ஜின் நிக்க முன்னம் உங்களுக்குக் கிடைக்கிற அறிவிப்பு அது.

புகையைச் சுத்தமாக்கிறதுக்கு வேற டாங்கியில ஊத்துற டெஃப் உறைஞ்சதை டீசல் உறைஞ்சது எண்டு நினைச்சுப் பயப்பிடுற ஆக்களும் இருக்கினம். டெஃப் மைனஸ் 11லயே உறையும், அது யூரியாவும் தண்ணியும், உறையத்தான் செய்யும், அதுக்கெண்டு டாங்கியில ஹீற்றர் இருக்கு, ட்ரக் ஓட ஓட உருகும். உறைஞ்ச டெஃபோட ஸ்டார்ட் பண்ணி ஓடலாம். டெஃப் டாங்கியில மட்டும் எந்த மருந்தையும், வெள்ளையோ சிவப்போ, ஒரு துளியும் ஊத்திப்போடாதேங்கோ, முழு சிஸ்டமும் நாசமாப் போயிடும்.

புளொக் ஹீற்றர் குத்தினா டீசல் உறையாது எண்டு நம்புற ஆக்களுக்கு: அது சூடாக்கிறது என்ஜினுக்குள்ள இருக்கிற கூலண்டை. ஸ்டார்ட் ஆகிறதுக்கு அது கட்டாயம் வேணும், ஆனா டாங்கியில கிடக்கிற டீசலுக்கு அதால ஒரு சூடும் போகாது. விண்ட் சில்லைப் பாத்தும் குழம்பாதேங்கோ, ஃபோனில "மைனஸ் 41 மாதிரி இருக்கும்" எண்டு காட்டினாலும் வெளியில உண்மையான குளிர் மைனஸ் 27 எண்டா டீசல் மைனஸ் 27க்குக் கீழ போகாது. காத்து அடிச்சா அந்த மைனஸ் 27க்குக் கெதியாப் போய்ச் சேரும், அவ்வளவுதான், அதால காத்துக்கு மறைவா ட்ரக்கை நிப்பாட்டுறது நல்லது.

முந்தித்தைய ஆக்கள் கொஞ்சம் பெற்றோல் கலந்து ஓடினவையாம், தயவுசெய்து இப்ப அதைச் செய்யாதேங்கோ, சின்னப் பொறியிலயே பத்தக்கூடிய ஆவி டாங்கிக்குள்ள கட்டும், ஹைபிரஷர் பம்பும் போயிடும். மண்ணெண்ணெய் கலக்கிறது வேற கதை, அது நம்பர் 1 டீசலுக்குக் கிட்டத்தட்ட ஒண்டுதான், பத்து வீதம் கலந்தா ரெண்டு டிகிரி மட்டில இறங்கும், ஆனா சல்ஃபர் குறைஞ்ச, சாயம் போடாததா இருக்கவேணும், சாயம் போட்டதை றோட்டில ஓடினா பிடிச்சா பெரிய ஃபைன், சல்ஃபர் கூடினா புகையில வாற கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் ஃபில்டர் கெட்டுப்போகும். நெருப்புக்கொழுத்தி டாங்கியையும் லைனையும் சூடாக்கிறவையை நான் வடக்க கண்ணால கண்டிருக்கிறன், குளிரில ஆள் என்னத்தையும் செய்யத் துணிவான் எண்டு விளங்குது, ஆனா ட்ரக் போனா இன்னொண்டு வாங்கலாம், வீட்டில பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்கினம். ஸ்டார்ட் ஆகிறதுக்கு அடிக்கிற ஈதர் ஸ்ப்ரேயும் அதே மாதிரித்தான், இன்டேக்கில ஹீற்றர் இருக்கிற என்ஜினுக்கு அடிச்சா வெடிக்கும்.

வேற கொம்பனியில ஹவ்ஸ் டீசல் ட்ரீட்டும் நல்ல சாமான், அதையும் பாவிச்சிருக்கிறன், உறைஞ்சா டோ காசை நாங்கள் தருவம் எண்டு துணிஞ்சு விக்கிறாங்கள், உறைஞ்ச பிறகு ஊத்துறதுக்கு லைஃப்லைன் எண்டு அவையளிட்டையும் ஒண்டு இருக்கு. வெள்ளைக்கும் ஹவ்ஸுக்கும் என்ர கைக்கு பெரிய வித்தியாசம் தெரியேல்லை, எங்க மலிவாக் கிடைக்குதோ அதை வாங்குங்கோ. பேர் தெரியாத மலிவுப் போத்தல் சிலது கடைகளில கிடக்கு, எத்தினை லீற்றருக்கு எவ்வளவு எண்ட கணக்கும் லேபிளில இல்லை, அதுகளை நான் தொடுறேல்லை.

வெள்ளைக்கு அரை மார்க் குறைஞ்சது எதால எண்டா, மருந்தே குளிருக்குத் தடிச்சுப்போகும். வெளியில சைட் பொக்ஸுக்குள்ள வைச்சிருந்தா மைனஸ் 25ல போத்தலைக் கவிட்டாலும் தேன் மாதிரித்தான் இறங்கும், டாங்கிக்குள்ள போயும் கலக்காது. கபினுக்குள்ள, சீட்டுக்குப் பின்னால, மூடியை இறுக்கி நிமித்தி வையுங்கோ. பக்கத்தில சிவப்பு ஒண்டு, உங்கட ட்ரக்குக்குச் சரியான பிரைமரியும் செக்கண்டரியும் ஒவ்வொண்டு, ஃபில்டர் கழட்டுற பெல்ட், டீசல் பிடிக்காத தடிச்ச கையுறை, டோர்ச். ஃபில்டர் நம்பரை ட்ரக் கதவுக்கு உள்ளுக்க மார்க்கரால எழுதி வையுங்கோ, ஞாயிற்றுக்கிழமை இரவு கப்பஸ்கேசிங்கில கடைக்காரன் கேக்கிறது அந்த நம்பரைத்தான். நவம்பரிலயே வாங்கிடுங்கோ, முதல் பெரிய குளிர் அடிச்ச அண்டைக்கு நோர்த் பேக்கு மேல ஒரு கடையிலயும் சிவப்புக் கிடைக்காது.